மூட்டுக் குருத்தெலும்பும் வளர்ச்சிக் காரணி ஊசியும்: வயதான செல்லில் ஏற்பிகள் எந்த நிலையில் இருக்கின்றன?

#1 கொங்குத்தேன்

வணக்கம். அம்மாவுக்கு வயது 66. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், எக்ஸ்ரே பார்த்து இரண்டாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். போன இடத்தில் பிஆர்பி ஊசி (நம் ரத்தத்தையே எடுத்து, பிளேட்லெட் என்ற தட்டணுக்களைச் செறிவாக்கி மூட்டில் போடுவது) போடலாம் என்றார்கள். கையில் கொடுத்த துண்டறிக்கையில், "உங்கள் ரத்தத்திலேயே இருக்கும் வளர்ச்சிக் காரணிகள் குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நான் படித்தது உயிர்வேதியியல், வேலை பார்ப்பது கணக்குப் பிரிவில். படித்ததில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சந்தேகம். வளர்ச்சிக் காரணி என்பது செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம். அது எதுவாக இருந்தாலும் செல்லின் மேல் அதைப் பிடித்துச் செய்தியை உள்ளே அனுப்பும் ஏற்பி இருந்தால்தான் வேலை நடக்கும். அறுபதைத் தாண்டிய மூட்டில் அந்த ஏற்பிகள் இருபது வயதில் இருந்தபடியே இருக்கின்றனவா? ஊசி போடலாமா வேண்டாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பீர்கள். அதனால் ஏற்பியைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

#2 செல்திசு

நல்ல கேள்வி. நான் குருத்தெலும்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன், மருத்துவன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் இடம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். வளர்ந்த மனிதரின் மூட்டுக் குருத்தெலும்பில் செல்கள் பிடித்திருக்கும் இடம் சுமார் 2 சதவீதம்தான். மற்றதெல்லாம் அந்தச் செல்கள் கட்டி வைத்த மேட்ரிக்ஸ்: தண்ணீர், இரண்டாம் வகைக் கொலாஜன், தண்ணீரைப் பிடித்து வைக்கும் அக்ரிக்கன். ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து கசிந்து வர வேண்டும்.

அந்தக் கொலாஜன் ஒருமுறை கட்டினால் கட்டியதுதான். 2000-ல் நெதர்லாந்துக் குழு ஒன்று அதன் அரை ஆயுளை 117 ஆண்டுகள் என்று கணக்கிட்டது. தோல் கொலாஜனுக்கு 15 ஆண்டுகள். பிறகு 2016-ல் டென்மார்க்கில் இன்னும் சுவாரசியமான வழியில் பார்த்தார்கள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. ஒரு திசு எந்தக் காலத்தில் உருவானது என்பதை அதிலுள்ள கார்பன்-14 அளவு காட்டிக் கொடுத்துவிடும். வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பை எடுத்து அளந்தார்கள். கொலாஜன் பெரும்பாலும் வளர்இளம் பருவம் முடிவதற்குள் உருவானது, அதற்குப் பிறகு மாற்றப்படவே இல்லை என்று தெரிந்தது. தேய்மானம் வந்த மூட்டிலும் அதே கதை. ஆக "மீண்டும் வளர்க்கும்" என்ற வாக்கியம் அங்கேயே தடுக்கி விழுகிறது. அக்ரிக்கன் வேறு. அது சிதைந்து மறுபடி உருவாகும், அதில் காரணிகளுக்கு வேலை உண்டு.

இப்போது ஏற்பி. டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியை எடுத்துக்கொள்வோம், பிளேட்லெட்டில் நிறைய இருப்பதும் அதுதான். அது முதலில் இரண்டாம் வகை ஏற்பியில் ஒட்டும். அந்த ஏற்பி முதல் வகை ஏற்பி ஒன்றைத் துணைக்கு இழுக்கும். பிரச்சினை இங்கேதான். குருத்தெலும்புச் செல்லில் அப்படி இழுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள்: ஏஎல்கே5, ஏஎல்கே1. ஏஎல்கே5 வழியாகப் போனால் உள்ளே ஸ்மாட் 2, 3 என்ற புரதங்கள் முடுக்கப்படும். செல் அமைதியாக மேட்ரிக்ஸைப் பராமரிக்கும். ஏஎல்கே1 வழியாகப் போனால் ஸ்மாட் 1, 5, 8 முடுக்கப்படும். செல் பருத்து, எலும்பாக மாறப் போகும் வளர்தட்டுச் செல்லின் (வளரும் வயதில் எலும்பு நீளும் இடத்துச் செல்) குணத்துக்குத் திரும்பும். எம்எம்பி-13 என்ற நொதியையும் சுரக்கும். இரண்டாம் வகைக் கொலாஜனை வெட்டுவதே அந்த நொதியின் வேலை.

நைமேகன் நகரத்து ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு 2009-ல் எலிகளில் இதைக் காட்டியது. வயதாகும்போதும் தேய்மானம் வரும்போதும் ஏஎல்கே5 வேகமாகக் குறைகிறது, ஏஎல்கே1 அவ்வளவு குறைவதில்லை. விகிதம் கவிழ்கிறது. மனிதரின் தேய்ந்த குருத்தெலும்பிலும் ஏஎல்கே1 அதிகமாக உள்ள இடத்தில் எம்எம்பி-13 அதிகம் என்று பார்த்தார்கள். ஒரே காரணிதான். இளம் செல்லுக்குக் "கட்டு" என்கிறது, வயதான செல்லுக்கு "இடி" என்கிறது.

எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை, ஏற்பிகள் அப்படியே இருப்பதில்லை.

#3 மொட்டைமாடி

படித்தேன், பாதி புரிந்தது. அப்படியானால் டிஜிஎஃப்-பீட்டா நல்லதா கெட்டதா? அதைத் தடுத்துவிட்டால் தேய்மானம் நிற்குமா?

#4 செல்திசு

தடுத்தால் நிற்காது, மோசமாகும். மனிதரிலேயே சாட்சி உண்டு. 2011-ல் நெதர்லாந்தில் சில குடும்பங்களில் ஸ்மாட்3 மரபணுவில் திரிபு கண்டுபிடித்தார்கள். பெருந்தமனியும் மற்ற தமனிகளும் வீங்கி வெடிக்கும் அபாயம் உள்ளவர்கள். கூடவே சின்ன வயதிலேயே பல மூட்டுகளில் தேய்மானம். பலர் டாக்டரிடம் முதலில் போனதே மூட்டு வலிக்காகத்தான். ஸ்மாட்3 இல்லாத எலிகளுக்கும் தேய்மானம் வருகிறது. ஆக அந்தப் பாதை குருத்தெலும்புக்குக் கட்டாயம் வேண்டும்.

ஆனால் அதே மூட்டில் குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பில் டிஜிஎஃப்-பீட்டா அதிகமானால் அதுவே தேய்மானத்தைத் தொடங்கி வைக்கிறது. இது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2013-ல் எலிகளில் காட்டியது. அங்கே தடுத்தால் குருத்தெலும்பு தப்பிக்கிறது. மூட்டுக்குள் நேரடியாக டிஜிஎஃப்-பீட்டாவை ஊசி போட்ட பழைய எலிச் சோதனைகளில் மூட்டுச் சவ்வு தடித்துத் தழும்பாகி, ஓரங்களில் எலும்பு முள் முளைத்தது.

மூட்டு என்றால் குருத்தெலும்பு மட்டும் இல்லை. ஊசி உள்ளே போனதும் சவ்வு, எலும்பு ஓரம், மெனிஸ்கஸ் என்ற இடைத்தட்டு எல்லாவற்றிலும் உள்ள ஏற்பிகள் அதை வாங்கிக்கொள்ளும். குருத்தெலும்புச் செல் கெட்டியான மேட்ரிக்ஸுக்குள் புதைந்து கிடக்கிறது. கடைசியாக வாங்குவது அதுதான்.

#5 ரிட்டயர்டுமணி

நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏற்பியாவது கீற்பியாவது. எனக்கு 70 வயது. போன வருடம் இரண்டு முழங்காலுக்கும் பிஆர்பி போட்டேன். மாடிப்படி ஏற முடியாமல் இருந்தவன் கோவில் கிரிவலம் போய் வந்தேன். பெரிய படிப்பு படித்தவர்கள் எலியை வைத்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வலி குறைந்தது எனக்கல்லவா தெரியும்!

#6 எலும்புவைத்தியன்

மணி சார், உங்களுக்கு வலி குறைந்ததை யாரும் மறுக்கவில்லை. எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. நான் எலும்பு மூட்டுப் பிரிவில் இருக்கிறேன். பிஆர்பி போட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் நோயாளிகளை நானும் தினமும் பார்க்கிறேன்.

2021-ல் ஆஸ்திரேலியாவில் ரிஸ்டோர் என்ற ஆய்வின் முடிவு ஜாமா இதழில் வந்தது. லேசான, நடுத்தரத் தேய்மானம் உள்ள 288 பேர். பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பிஆர்பி ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஊசிக் குழாயை மறைத்தார்கள். 12 மாதம் கழித்து பத்துக்கு இத்தனை என்ற வலி அளவில் பிஆர்பி குழுவுக்கு 2.1 புள்ளி குறைந்தது. உப்புநீர் குழுவுக்கு 1.8. வித்தியாசம் கணக்கில் எடுக்கும்படி இல்லை. எம்ஆர்ஐயில் உள்பக்கக் குருத்தெலும்பின் கன அளவு பிஆர்பியில் 1.4 சதவீதம் குறைந்தது, உப்புநீரில் 1.2 சதவீதம். இரண்டு பக்கமும் குறைந்ததுதான், வளரவில்லை.

உப்புநீர் போட்டவருக்கும் 1.8 புள்ளி இறங்கியிருக்கிறது பாருங்கள். உங்கள் கிரிவலம் அந்தக் கணக்கில் வருமா, இந்தக் கணக்கில் வருமா என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது.

நியாயமாக ஒன்று சேர்த்துவிடுகிறேன். அந்த ஆய்வில் பயன்படுத்திய பிஆர்பியில் பிளேட்லெட் அடர்த்தி போதாது என்று விமர்சனம் வந்தது. அடர்த்தி கூடியதைப் போட்டால் வலிக்குப் பலன் உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வலியைப் பற்றி அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் துண்டறிக்கை சொல்வது வலியை அல்ல, குருத்தெலும்பு வளர்வதை.

#7 ரிட்டயர்டுமணி

உப்புநீரோ பன்னீரோ, நடக்க முடிகிறது. சரி, மேலே பேசுங்கள்.

#8 கொங்குத்தேன்

டாக்டர், நன்றி. மணி ஐயா கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மாவும் நீங்கள் சொல்வதையேதான் சொல்கிறார்.

செல்திசு அண்ணா, டிஜிஎஃப்-பீட்டா ஒன்று. ஐஜிஎஃப்-1, எஃப்ஜிஎஃப் என்ற மற்ற வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் என்ன ஆகின்றன? எல்லா ஏற்பிகளும் வயதானால் குறைந்துவிடுமா?

#9 செல்திசு

அப்படி ஒரே வாக்கியத்தில் அடக்க முடியாது என்பதற்கு ஐஜிஎஃப்-1 தான் சிறந்த உதாரணம். குருத்தெலும்புச் செல்லை மேட்ரிக்ஸ் கட்டச் சொல்லும் முக்கியமான காரணி அது. வயதான செல்லுக்கு ஐஜிஎஃப்-1 கொடுத்தால் இளம் செல் அளவுக்கு வேலை செய்வதில்லை. உடனே ஏற்பி குறைந்திருக்கும் என்று நினைப்போம். எண்ணிப் பார்த்தால் குறையவில்லை. தேய்ந்த மூட்டுச் செல்லில் கூடுதலாகக்கூட இருந்தது.

இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஒன்று, ஐஜிஎஃப்-1-ஐ வெளியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் பிணைப்புப் புரதங்கள் வயதான செல்லிலும் தேய்ந்த மூட்டிலும் அதிகமாகின்றன. இன்னொன்று, ஏற்பிக்குக் கீழே செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் சங்கிலி. அமெரிக்காவில் ரிச்சர்ட் லோசர் குழு இதைத் துருவியது. வயதான செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் அதிகம். அந்தச் சூழலில் ஐஆர்எஸ்-1 என்ற இடைநிலைப் புரதம் தவறான இடத்தில் பாஸ்பேட் ஏறி முடங்குகிறது. ஏகேடி பாதை அடங்குகிறது, ஈஆர்கே பாதை ஓங்குகிறது. முன்னது கட்டுகிற பாதை, பின்னது அதைத் தடுப்பது. தபால்காரர் கடிதத்தைச் சரியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், வீட்டுக்குள் அதைப் படிக்க ஆளில்லை. கடிதத்தின் எண்ணிக்கையைக் கூட்டி என்ன பயன்?

வளர்ச்சிக் காரணி ஊசி விற்கும் யாரும் இந்தப் பகுதிக்கு வருவதே இல்லை என்பது எனக்கு எரிச்சல். "குறைந்துபோனதை நிரப்புகிறோம்" என்பது அவர்கள் கதை. குறைந்தது காரணி இல்லை, அதைக் கேட்கும் திறன்.

எஃப்ஜிஎஃப் பற்றி மருந்தாய்வில் இருக்கும் நண்பர் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். அங்கே எண்கள் முக்கியம்.

#10 ஆய்வுக்களம்

நான் எழுதுகிறேன். மருந்துச் சோதனை நிறுவனத்தில் தரவு பார்ப்பது தொழில்.

எஃப்ஜிஎஃப்-பிலும் இதே இரட்டை வேடம். குருத்தெலும்புச் செல்லில் அதற்கு முக்கியமான ஏற்பிகள் எஃப்ஜிஎஃப்ஆர்1, எஃப்ஜிஎஃப்ஆர்3 (சுருக்கமாக ஏற்பி 1, ஏற்பி 3). மனிதச் செல்லில் எஃப்ஜிஎஃப்-2 வந்து ஏற்பி 1-ஐத் தட்டினால் எம்எம்பி-13 சுரக்கிறது, அக்ரிக்கன் சிதைகிறது. ஏற்பி 3 காக்கிறது. தேய்மானத்தில் 1-க்கும் 3-க்கும் உள்ள விகிதம் 1-இன் பக்கம் சாய்கிறது. வளர்ந்த எலியின் குருத்தெலும்பில் எஃப்ஜிஎஃப்ஆர்1 மரபணுவை நீக்கியபோது தேய்மானம் தாமதமானது.

ஏற்பி 3 வேறொரு நோயால் ஏற்கெனவே பிரபலம். 1994-ல் அகோண்ட்ரோபிளாசியா என்ற குட்டை உடல் நிலைக்கு அதில் உள்ள ஒற்றை எழுத்துத் திரிபுதான் காரணம் என்று கண்டார்கள். அங்கே ஏற்பி 3 ஓயாமல் வேலை செய்து வளர்தட்டை அடக்குகிறது, கை கால் எலும்பு நீள்வதில்லை. 2021-ல் அனுமதி பெற்ற வோசோரிடைட் மருந்து அந்த ஏற்பிக்குக் கீழே உள்ள பாதையைத் தணிக்கிறது. வளர்தட்டில் வில்லனாக இருக்கும் அதே ஏற்பி, மூட்டு மேற்பரப்பில் காவல்காரன்!

இதை வைத்து வந்த மருந்துதான் ஸ்பிரிஃபெர்மின். எஃப்ஜிஎஃப்-18-இன் சற்றுக் குறுக்கப்பட்ட வடிவம். எஃப்ஜிஎஃப்-18 ஏற்பி 3-ஐ நாடும், ஏற்பி 1-ஐ அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஃபார்வர்ட் என்ற சோதனையில் 40 முதல் 85 வயது வரை 549 பேர். இரண்டாண்டு முடிவு 2019-ல் ஜாமாவில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு மூன்று ஊசி, ஊசிக்கு 100 மைக்ரோகிராம் என்று பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பின் மொத்தத் தடிமன் 0.05 மில்லிமீட்டர் கூடியது. போலி மருந்து (ஒப்பிடுவதற்காகப் போடும், மருந்தில்லாத ஊசி) பெற்றவர்களுக்கு 0.02 குறைந்தது. மனிதருக்கு ஊசி போட்டு மூட்டுக் குருத்தெலும்பு தடித்தது என்று ஒழுங்கான சோதனையில் காட்டிய அரிதான மருந்து இது. ஆனால் வலி, விறைப்பு, நடமாட்டம் சேர்ந்த வோமாக் மதிப்பெண்ணில் போலி மருந்தோடு வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். ஆய்வகத்தில் செல்லுக்கு இதைத் தொடர்ந்து கொடுத்தால் பலன் மங்குகிறது. கொடுத்து நிறுத்தி, கொடுத்து நிறுத்திப் போனால் மேட்ரிக்ஸ் கூடுகிறது. ஏற்பிக்கு ஓய்வு வேண்டும். மாதக்கணக்கில் இடைவெளி விட்டதற்கு இப்படி ஒரு நியாயம் உண்டு.

#11 எலும்புவைத்தியன்

ஆய்வுக்களம் எழுதியது: *"வலி, விறைப்பு, நடமாட்டம் சேர்ந்த வோமாக் மதிப்பெண்ணில் போலி மருந்தோடு வித்தியாசம் இல்லை."*

இதுதான் என் பிரச்சினை. இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடித்து, நோயாளிக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் அது யாருக்கு மருந்து? எம்ஆர்ஐக்கா?

#12 ஆய்வுக்களம்

அவசரப்படாதீர்கள் டாக்டர். அந்தச் சோதனையில் சேர்ந்த பலருக்கு ஆரம்பத்திலேயே வலி அதிகம் இல்லை, குருத்தெலும்பும் ஓரளவு இருந்தது. ஐந்தாண்டுத் தரவில், மூட்டு இடைவெளி குறுகி வலியும் அதிகமாக இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது வலியிலும் வித்தியாசம் தெரிந்தது. பிறகு பிரித்துப் பார்த்த கணக்கு அது என்பது உண்மை, அதை மட்டும் நம்பி மருந்துக்கு அனுமதி கொடுக்க மாட்டார்கள். ஆனால் "பயன் இல்லை" என்று கதவைச் சாத்தவும் முடியாது. மூட்டு அமைப்பு மெல்ல மாறும். இரண்டு ஆண்டில் வலியில் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது?

#13 எலும்புவைத்தியன்

என் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்கள் சொல்கிறார்கள். :) சரி, இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

#14 கபடிப்பித்தன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு 23 வயது, கபடி ஆடும்போது முழங்கால் முறுக்கி குருத்தெலும்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. நீங்கள் பேசுவதெல்லாம் வயதானவர்களுக்கு. இளம் வயதில் ஏற்பியெல்லாம் நன்றாக இருக்குமே, அப்படியானால் தானாக ஆறிவிடுமா?

#15 செல்திசு

இளம் வயதிலும் ஆறுவது கடினம். 1743-லேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற உடற்கூறியலாளர், சிதைந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று எழுதிவைத்தார். காரணம் ஏற்பி மட்டும் இல்லை. காயம் குருத்தெலும்போடு நின்றுவிட்டால் ரத்தம் வராது. ரத்தம் வராவிட்டால் உறைகட்டி இல்லை, ஆற்ற வரும் செல்களும் இல்லை. பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்புச் செல்கள் மேட்ரிக்ஸில் சிறைப்பட்டவை, நகர்ந்து வர முடியாது.

காயம் எலும்பு வரை போனால் மஜ்ஜைச் செல்கள் வந்து நிரப்பும். மைக்ரோஃபிராக்சர் அறுவை சிகிச்சை அதைத்தான் வேண்டுமென்றே செய்கிறது, எலும்பில் சிறு துளைகள் போட்டு. ஆனால் அப்படி நிரம்புவது பெரும்பாலும் முதலாம் வகைக் கொலாஜன் கலந்த நார்க் குருத்தெலும்பு. வழவழப்பும் தாங்கும் சக்தியும் அசலைப் போல இருக்காது. இன்னொரு வழி, சொந்தக் குருத்தெலும்புச் செல்லை எடுத்து வளர்த்துத் திரும்ப வைப்பது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 23 பேருக்குச் செய்த முதல் அறிக்கை 1994-ல் வந்தது. தட்டில் வளரும்போதே அந்தச் செல்கள் குணம் மாறி முதலாம் வகைக் கொலாஜனைச் செய்யத் தொடங்கும், அதுதான் தொல்லை.

காரணிகளை உருப்படியாகப் பயன்படுத்திய சோதனை ஒன்று எனக்குப் பிடிக்கும். 1996-ல் ஹுன்சிக்கரும் ரோசன்பர்க்கும் முயல்களிலும் குள்ளப் பன்றிகளிலும் எலும்பைத் தொடாத மேல்மட்டக் காயம் உண்டாக்கினார்கள். காயத்தின் பரப்பில் செல் ஒட்டவிடாமல் தடுக்கும் புரோட்டியோகிளைக்கனை நொதியால் நீக்கினார்கள். பிறகு ரத்த உறைகட்டியில் இருக்கும் ஃபைப்ரின் என்ற புரதத்தை நிரப்பி அதில் டிஜிஎஃப்-பீட்டாவை வைத்தார்கள். மூட்டுச் சவ்விலிருந்து செல்கள் ஊர்ந்து வந்து இடத்தை நிரப்பின. அங்கே காரணியைக் கேட்டது குருத்தெலும்புச் செல் அல்ல, சவ்வுச் செல். யாருடைய ஏற்பியை நோக்கிப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினார்கள்.

#16 எலும்புவைத்தியன்

தம்பியை விளையாட்டுக் காயம் பார்க்கும் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பெயர்ந்த சில்லில் எலும்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் சில சமயம் திரும்பப் பொருத்தலாம், அதற்குக் காலம் கடக்கக் கூடாது. மூட்டு சிக்கிக்கொண்டு மடக்க நீட்ட முடியவில்லை என்றால் இன்னும் அவசரம்.

#17 மொட்டைமாடி

ஒன்று ஞாபகம் வருகிறது. தென் கொரியாவில் மூட்டுக்கு மரபணு சிகிச்சை என்று ஒன்று வந்து பெரிய ஊழல் ஆனதே, அது இந்த டிஜிஎஃப்-பீட்டாவா?

#18 ஆய்வுக்களம்

அதேதான். பெயர் இன்வோசா, கோலோன் குழுமத்துடையது. இரண்டு பாட்டில். ஒன்றில் வேறொருவரின் குருத்தெலும்புச் செல்கள். இன்னொன்றில் டிஜிஎஃப்-பீட்டா1 மரபணு ஏற்றி, மேற்கொண்டு பெருகாமல் இருக்கக் கதிர்வீச்சு கொடுத்த செல்கள். 2017 ஜூலையில் கொரியாவில் அனுமதி கிடைத்தது. 2019-ல் அமெரிக்கச் சோதனைக்காக மரபணு அடையாளம் பார்த்தபோது இரண்டாவது பாட்டிலில் இருந்தது குருத்தெலும்புச் செல்லே அல்ல, மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய ஆய்வகச் செல் வரிசை என்று தெரிந்தது. அதற்குள் 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டாகிவிட்டது! அந்த ஆண்டே கொரியா அனுமதியை ரத்து செய்தது. அமெரிக்காவில் நிறுத்திவைத்த சோதனையை 2020-ல் தொடர விட்டார்கள்.

நமக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது. குருத்தெலும்புச் செல் என்று நம்பிய காலத்திலும் அந்தச் சிகிச்சையால் குருத்தெலும்பு மீண்டும் வளர்கிறது என்று நிரூபிக்க முடியவில்லை. கொரியாவில் அனுமதி கிடைத்தது வலிக்கும் நடமாட்டத்துக்கும்தான். சிறுநீரகச் செல் சுரந்த டிஜிஎஃப்-பீட்டா சவ்வில் அழற்சியைத் தணித்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

#19 மொட்டைமாடி

அப்படியானால் வலியை மட்டும் பிடித்தால் போதாதா? குருத்தெலும்பில்தான் நரம்பே இல்லையே.

#20 எலும்புவைத்தியன்

அதையும் செய்து பார்த்தார்கள், அதுவும் வளர்ச்சிக் காரணி வழியாகத்தான். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற என்ஜிஎஃப், டிஆர்கேஏ என்ற ஏற்பியைத் தட்டி வலியைத் தூண்டுகிறது. டனேசுமாப் என்ற எதிர்ப்பொருள் என்ஜிஎஃப்-ஐப் பிடித்துவிடும். வலி நிஜமாகவே குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு அதிவேகமாகச் சிதைந்தது. வலி நிவாரணி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அது இன்னும் அதிகம். 2021 மார்ச்சில் அமெரிக்க ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனங்கள் கைவிட்டன. ஃபார்வர்டில் தடிமன் கூடியது, வலி மாறவில்லை. இங்கே வலி போனது, மூட்டும் போனது.

#21 நடைப்பயிற்சி

பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தேன் என்பதைப் பதிவு செய்யவும்.

செல்திசு சார், நீங்கள் அப்போது லண்டனில் இருந்த கென்னடி நிறுவனத்து வேலையைச் சொல்லாமல் விட்டது ஏன்? குருத்தெலும்புச் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் எஃப்ஜிஎஃப்-2 ஏற்கெனவே பெர்லிக்கன் என்ற புரதத்தோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. குருத்தெலும்பை அழுத்தினால் அது விடுபட்டுப் பக்கத்தில் உள்ள ஏற்பிக்குப் போகிறது. எஃப்ஜிஎஃப்-2 இல்லாத எலிகளுக்குத் தேய்மானம் சீக்கிரம் வந்தது. டிஜிஎஃப்-பீட்டாவும் செயலற்ற வடிவில் மேட்ரிக்ஸில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, அசைவில் அதுவும் விழிக்கிறது. ஊசியால் வெளியிலிருந்து தள்ளுவதைவிட, செல்லின் தோளோடு ஒட்டி இருக்கும் இருப்பை நடையால் எழுப்பலாமே?

நோயாளிகளுக்கு நான் சொல்வது: தொடை முன்தசை, இடுப்புத் தசை வலுப்பயிற்சி வாரம் மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். நடக்கும்போது வலி லேசாகக் கூடினால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவைக் குறைக்கவும். எடையைப் பொறுத்தவரை, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள்.

#22 செல்திசு

சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான், நன்றி அக்கா. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். எஃப்ஜிஎஃப்-2 எலியில் காக்கிறது, மனிதச் செல்லில் ஏற்பி 1 வழியாக வெட்டுகிறது என்று மேலே பேசினோம். இரண்டையும் அருகருகே வைத்தால் இடிக்கும். எலிக் குருத்தெலும்பில் ஏற்பி 3 அதிகம் வேலை செய்கிறது என்பது ஒரு சமாதானம். எனவே உடற்பயிற்சி நல்லது என்பதற்கு மனிதச் சோதனைகளே போதுமான ஆதாரம். எஃப்ஜிஎஃப்-2 கதையை அதற்கு முட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

#23 நடைப்பயிற்சி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நோயாளிகளிடம் அந்தக் கதையைச் சொன்னால் கூடுதலாகப் பயிற்சி செய்கிறார்கள். :)

#24 ரிட்டயர்டுமணி

பயிற்சியும் செய்கிறேன் அம்மா. அடுத்த மாதம் ஊசியும் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

#25 கொங்குத்தேன்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவை முதலில் மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம். ஊசியைப் பிறகு யோசிக்கலாம் என்றதும் அவருக்கு லேசான ஏமாற்றம்.

கடைசியாக ஒன்று. ஏஎல்கே1, ஏஎல்கே5 விகிதம் அம்மாவின் முழங்காலில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பரிசோதனை ஏதாவது உண்டா? கவிழாதவர்களுக்கு மட்டும் ஊசி போடலாம் அல்லவா?

#26 செல்திசு

இல்லை. ஏற்பி செல்லின் மேல் இருப்பது, ரத்தத்தில் தெரியாது. குருத்தெலும்பை வெட்டி எடுத்தால்தான் பார்க்கலாம். ஆறாத திசுவைச் சோதனைக்காக வெட்ட யாரும் துணிய மாட்டார்கள். எங்களுக்குக் கிடைக்கும் மனிதக் குருத்தெலும்பு பெரும்பாலும் மூட்டு மாற்று அறுவையில் எடுத்துப் போட்டதுதான், அதாவது கடைசிக் கட்டத்தில் உள்ளது. அம்மாவைப் போல இரண்டாம் நிலையில் இருப்பவர்களின் திசு கைக்கு வருவது அபூர்வம். விகிதம் எந்தக் கட்டத்தில் கவிழத் தொடங்குகிறது என்பதை எலிகளை வைத்துத்தான் அனுமானிக்கிறோம்.

#27 எலும்புவைத்தியன்

மணி சார், அடுத்த மாதம் போகும் முன் ஒன்று. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போல ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை அளவையும் பார்த்துவிட்டுப் போங்கள்.